காசு கொடுத்தவர் நாம், சாவி யாரிடம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாட்டுக் கேசட் ஒன்றாவது இருக்கும். அப்பாவோ தாத்தாவோ முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாக இருக்கும். பழுதில்லாத டேப் ரிக்கார்டர் ஒன்று கிடைத்து அதில் போட்டால் இன்றும் பாடும். அதை விற்ற கடை மூடியிருக்கலாம். அதை வெளியிட்ட நிறுவனமே இல்லாமல் போயிருக்கலாம். பாடுவதற்கு முன் அந்தக் கேசட் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அது வாங்கியவரின் சொத்து.

இப்போது உங்கள் பிள்ளை கணினியில் விளையாடும் விளையாட்டைப் பாருங்கள். நூறு, இருநூறு வெள்ளி கொடுத்து வாங்கியது. எதிராளி யாரும் இல்லை. ஒருவர் மட்டும் தனியாக ஆடும் ஆட்டம். ஆனாலும் இவற்றில் சில, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் எங்கோ தூர தேசத்தில் உள்ள நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, "இவர் ஆடலாமா?" என்று கேட்கின்றன. இணையம் அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும். நிறுவனம் அந்தச் சர்வரை மூடிவிட்டால் ஆட்டம் நிரந்தரமாக நின்றுவிடும்.

"விளையாட்டுதானே, போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அப்படி ஒதுக்கிவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பாட்டு, படம், புத்தகம் என்று எல்லாமே இணையத்தின் வழியாக விற்கப்படும் காலம் இது. இந்தப் பூட்டு முழு உருவம் பெற்றது விளையாட்டில்தான். அது வந்த கதையைத் தெரிந்துகொண்டால், நம் காசுக்கு நாம் என்ன வாங்குகிறோம் என்பது புரியும்.

ஐந்து வெள்ளிக் காலம்

பூட்டு ஏன் வந்தது? திருட்டு இருந்ததால் வந்தது. இதை மறைத்துப் பேசினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம்.

1990களிலும் 2000களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெட்டாலிங் ஸ்திரீட்டில், பசார் மாலாம் கடைகளில், நெகிழிப் பையில் போட்ட குறுந்தட்டுகள் வரிசையாகத் தொங்கும். அசல் விளையாட்டு நூறு வெள்ளிக்கு மேல் என்றால், நகல் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களிலும் படம் என்றாலே திருட்டு விசிடி என்று இருந்த காலம் உண்டு.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தட்டு தயாரிக்கும் தொழிற்சாலை உரிமம் பெற வேண்டும், ஒவ்வொரு தட்டிலும் தயாரிப்பாளரின் குறியீடு பதிக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. 2003 முதல் பட, பாடல் தட்டுகளின் உறையில் மினுமினுக்கும் ஹோலோகிராம் ஒட்டுவில்லை கட்டாயமானது.

2007 மார்ச்சில் இரண்டு விருந்தாளிகள் வந்தனர். லக்கி, ஃப்ளோ என்ற இரு கறுப்பு லாப்ரடோர் நாய்கள். வட அயர்லாந்தில் பயிற்சி பெற்று, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் அனுப்பி வைத்த நாய்கள். தட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாசனையை மோப்பம் பிடிப்பது அவற்றின் வேலை. ஜோகூர் பாருவில் நடந்த சோதனையில் அவை காட்டிக்கொடுத்த தட்டுகள் ஏறக்குறைய பத்து லட்சம். அந்த நாய்களின் தலைக்குக் கும்பல்கள் விலை வைத்ததாகவும் செய்தி வந்தது. அதே ஆண்டில் மலேசிய அரசாங்கம் அவற்றுக்குப் பதக்கம் அணிவித்தது.

ஆனால், நேயர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த நாய்களுக்குத் தட்டின் வாசனை தெரியும். திருட்டின் வாசனை தெரியாது. அசல் தட்டும் நகல் தட்டும் அவற்றின் மூக்குக்கு ஒன்றுதான். பிரித்துப் பார்க்கும் வேலையை அதிகாரிகள் செய்தார்கள். விளையாட்டு நிறுவனங்கள் போட்ட பூட்டுகளுக்கும் இதே குறை இருந்தது. அங்கே பிரித்துப் பார்க்க அதிகாரி யாரும் இல்லை.

காகிதப் பூட்டும் ஒளிந்த பூட்டும்

முதல் பூட்டுகள் அப்பாவியானவை. "கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில் உள்ள சொல் என்ன?" என்று விளையாட்டு கேட்கும். கையேடு கையில் இருந்தால் பதில் சொல்லலாம். 1990இல் வந்த 'மங்கி ஐலேண்ட்' விளையாட்டுடன் ஓர் அட்டைச் சக்கரம் கொடுத்தார்கள். அதில் கடற்கொள்ளையர் முகத்தைத் திருப்பிப் பொருத்தினால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை அடித்தால்தான் ஆட்டம் தொடங்கும். பிரிட்டனில் 1980களின் நடுவில் விற்ற 'எலைட்' விளையாட்டோடு ஒரு சிறு பிளாஸ்டிக் வில்லை வந்தது. திரையில் குழம்பித் தெரியும் எழுத்தை அதன் வழியே பார்த்துப் படிக்க வேண்டும். சில பெட்டிகளில் தவறான வில்லையைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர் ஆட முடியாமல் விழித்தார். பூட்டு நேர்மையானவரின் விரலை நசுக்கிய கதை அப்போதே தொடங்கிவிட்டது.

பிறகு பூட்டு கணினிக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. 2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைக் குறுந்தட்டுகளில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாட்டுக் கேட்கத் தட்டைப் போட்டவரின் கணினியில், அவருக்குத் தெரியாமல் ஒரு மறைவு நிரல் போய் உட்கார்ந்தது. மற்ற நச்சு நிரல்களும் அதன் நிழலில் ஒளிந்துகொள்ள வழி பிறந்தது. வழக்குகள் வந்தன, நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

2008 செப்டம்பரில் 'ஸ்போர்' என்ற விளையாட்டு வந்தது. வாங்கியவர் அதை மூன்று முறைதான் கணினியில் பதிந்து இயக்க முடியும் என்று பூட்டு போட்டார்கள். நான்காவது முறை நிறுவனத்தை அழைத்துக் கெஞ்ச வேண்டும். கோபம் கொண்ட வாடிக்கையாளர்கள் அமேசான் தளத்தில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளைக் கொட்டித் தீர்த்தார்கள். நிறுவனம் மூன்றை ஐந்தாக்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே பூட்டு உடைக்கப்பட்ட நகல் இணையத்தில் உலவியது. திருடியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் பதிந்து ஆடினார். வாங்கியவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

2010: கம்பியில் கட்டிய பூட்டு

இணையத்தை வாசற்காவலாக்கும் வழக்கத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்ற இணையக் கடையைத் திறந்தது. 2004 நவம்பரில் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டைத் தட்டாக வாங்கியவர்களும், ஒரு முறை இணையத்தில் நுழைந்து பதிவு செய்தால்தான் ஆட முடிந்தது. அது ஒரு முறைதான். அதற்குப் பின் இணையம் இல்லாமலும் ஆட வழி இருந்தது.

2010 மார்ச்சில் பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் ஒரு படி மேலே போனது. 'அசாசின்ஸ் கிரீட் 2', 'சைலண்ட் ஹண்டர் 5' ஆகிய இரு விளையாட்டுகளின் கணினிப் பதிப்புகள், ஆடும் நேரம் முழுவதும் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்றது. முதலாவது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நடக்கும் தனியாள் கதை. இரண்டாவது உலகப் போர்க்கால நீர்மூழ்கிக் கப்பல் ஆட்டம். கடலுக்கு அடியில் மறைந்து செல்லும் கப்பலை ஓட்ட இணையம் எதற்கு?

மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. சர்வர்கள் பல மணி நேரம் முடங்கின. தாக்குதல் நடந்தது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. காரணம் எதுவாக இருந்தாலும், காசு கொடுத்தவர்களில் பலர் ஓய்வு நாளில் ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சில வாரங்களில் இந்தப் பூட்டையும் உடைத்துவிட்டார்கள். அதன்பின் இணையம் இல்லாமல் நிம்மதியாக ஆடியது யார்? நகலை எடுத்தவர்தான்.

அந்த மார்ச் மாதம் நம் ஊரில் இணையம் எப்படி இருந்தது? 2001இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ்தான் பல வீடுகளுக்கு. பிற்பகலில் இடி இடித்தால் மோடம் கம்பியைக் கழற்றி வைப்பது கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் வழக்கம். 2006 டிசம்பர் 26இல் தைவான் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிகள் அறுந்து, மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் நாள்கணக்கில் இணையம் தவழ்ந்தது. யூனிஃபை அதிவேகச் சேவை தொடங்கியதே 2010 மார்ச் 24இல்தான். முதலில் கிடைத்த இடங்கள் நான்கு: பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலம். பிரிக்பீல்ட்ஸின் பக்கத்து வீடு பங்சார். கிள்ளான் அந்தப் பட்டியலில் இல்லை. வளர்ந்த நாட்டின் அலுவலகத்தில் உட்கார்ந்து "எல்லாரிடமும் இணையம் இருக்கிறது" என்று எழுதிய விதி, மழை நாளில் நம் வீட்டுப் பையனின் ஆட்டத்தை நிறுத்தியது.

நிறுவனம் 2011இலேயே இந்த விதியைக் கைவிட்டு, ஒரு முறை பதிவு போதும் என்ற நிலைக்கு வந்தது. அதை 2012 செப்டம்பரில் வெளிப்படையாகவும் சொன்னது. ஆனால் விதை விழுந்துவிட்டது.

பிழை எண் 37

2012 மே 15. 'டயப்லோ 3' வெளியான நாள். தனியாக ஆடினாலும் இணையம் கட்டாயம். ஒரே நாளில் 35 லட்சம் பிரதிகள் போயின. வாங்கியவர்களில் ஏராளமானோர் கண்டது விளையாட்டை அல்ல, 'பிழை 37' என்ற அறிவிப்பைத்தான். சர்வரில் இடமில்லை என்பது அதன் பொருள். தென் கொரியாவில் வணிக நியாய ஆணையம் அந்த நிறுவனத்தின் அலுவலகத்திலேயே சோதனை நடத்தியது. பிறகு நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. அரசாங்கம் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

2013 மார்ச்சில் 'சிம்சிட்டி' வந்தது. நகரம் கட்டும் ஆட்டம். இதிலும் அதே கதை. கணக்குகளில் பல எங்கள் சர்வரில்தான் நடக்கின்றன, ஆகவே இணையம் இல்லாமல் இயங்காது என்று சொன்னார்கள். ஓர் ஆர்வலர் இணையம் இல்லாமலும் நகரம் ஓடுவதைச் செய்து காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் நிறுவனமே இணையமில்லா ஆட்டத்தைச் சேர்த்தது.

அதே 2013இல் மைக்ரோசாஃப்ட், தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்றது. நண்பருக்கு இரவல் கொடுப்பதற்கும், பழைய தட்டை விற்பதற்கும் கட்டுப்பாடுகள் வைத்தது. உலகமே எதிர்த்தது. பெட்டி கடைக்கு வரும் முன்பே, ஜூன் 19இல் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. வாங்குபவர்கள் ஒரே குரலில் பேசினால் பூட்டு கழன்றுவிடும் என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

நம் ஊரில் நடந்த பாடம்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2017 செப்டம்பரில் மலேசியாவில் நடந்தது பலருக்கு மறந்திருக்கும்.

'ஃபைட் ஆஃப் காட்ஸ்' என்று ஒரு சண்டை விளையாட்டு ஸ்டீம் கடையில் விற்பனைக்கு வந்தது. ஏசுநாதர், புத்தர், கிரேக்கத் தெய்வங்கள் என்று பல சமயங்களின் வணக்கத்திற்குரியவர்களை மோதவிடும் ஆட்டம். பல இனமும் பல சமயமும் வாழும் நாட்டில் இது மனத்தைப் புண்படுத்தும் என்று அரசாங்கம் கருதியது. தொடர்பு, பல்லூடக அமைச்சராக இருந்த டத்தோஸ்ரீ சாலே சைட் கெருவாக், 24 மணி நேரத்தில் அதை அகற்றச் சொன்னார். கெடு முடிந்ததும் செப்டம்பர் 8இல் ஸ்டீம் கடையே முடக்கப்பட்டது. அந்த ஒரு விளையாட்டை மலேசியாவில் கிடைக்காதபடி செய்த பிறகே தடை நீங்கியது.

அந்த விளையாட்டு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. சமய உணர்வை மதிக்க வேண்டியது நம் எல்லாருடைய கடமை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு கடையில் ஒரு பொருள் தகாதது என்றால், அந்தப் பொருளை எடுப்பார்கள். இங்கே ஒரு பொருளுக்காக முழுக்கடையின் கதவும் சாத்தப்பட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பல ஆயிரம் வெள்ளிக்குப் பலர் வாங்கிச் சேர்த்த மற்ற விளையாட்டுகளும் இருந்தன. தடை சீக்கிரமே நீங்கியது நம் நல்ல நேரம். அலமாரியில் தட்டாக இருந்திருந்தால் அந்தக் கவலையே வந்திருக்காது.

கடை மூடிவிட்டால்?

யூபிசாஃப்டின் 'தி க்ரூ' 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய விளையாட்டு. சுருக்கி வரையப்பட்ட அமெரிக்கா முழுவதும் தனியாகவே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் சர்வர் தொடர்பு கட்டாயம். 2024 மார்ச் 31இல் நிறுவனம் சர்வரை மூடியது. அன்றோடு உலகெங்கும் அந்த ஆட்டம் செத்தது. தட்டு வைத்திருந்தவரிடமும் வெறும் தட்டுதான் மிச்சம். அடுத்த சில நாட்களில் வாங்கியவர்கள் கணக்கிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

காரை விற்ற நிறுவனம் பத்து ஆண்டு கழித்து உங்கள் போர்ட்டிகோவுக்கு வந்து இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா?

இதற்குப் பிறகுதான் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' என்ற பொருளில் ராஸ் ஸ்காட் என்பவர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்து சேர்ந்தால் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை இறுதியில் திரண்ட கையெழுத்து 14 லட்சத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. திரும்பப் பறித்துக்கொள்ளக்கூடிய இணையப் பொருளை விற்கும்போது, அது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது அது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டினது. 2012 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதில் 36ஏ பிரிவைச் சேர்த்தது. நகல் தடுப்புப் பூட்டை உடைப்பது குற்றம் என்பது அதன் சாரம். அதே 2012இல் பதிப்புரிமை விவகாரத்தில் அமெரிக்கா வைத்திருந்த கண்காணிப்புப் பட்டியலிலிருந்து மலேசியா நீக்கப்பட்டது. நாட்டுக்குப் பெருமைதான்.

அந்தப் பிரிவில் விலக்குகளும் உண்டு. பாதுகாப்புச் சோதனைக்கு, மறையாக்க ஆய்வுக்கு, இரகசியமாகத் தகவல் திரட்டும் நிரலை முடக்குவதற்கு என்று சில. ஆனால் நிறுவனம் சர்வரை மூடிவிட்டது, என் காசில் வாங்கிய விளையாட்டைத் திறந்துகொள்கிறேன் என்பவருக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் 2015இலேயே இதற்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அனுமதி கேட்கும் சர்வர் மூடப்பட்டால், வாங்கியவர் தன் தனியாள் ஆட்டத்தைத் தொடரவும், நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அதைப் பாதுகாக்கவும் பூட்டைத் திறக்கலாம். பூட்டுப் போடச் சொல்லி நம்மை நெருக்கிய நாடே தன் மக்களுக்கு ஒரு சாவியை வெட்டிக்கொடுத்திருக்கிறது. நாம் பூட்டை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

படைப்பாளியின் பக்கமும் நியாயம் உண்டு. 2020இல் வெளியான 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டை உருவாக்கிய மெட்ரோனோமிக், கோலாலம்பூர் நிறுவனம்தான். நம் இளைஞர்கள் இந்தத் துறையில் பிழைக்க வேண்டுமானால், ஐந்து வெள்ளி நகல் பழக்கம் ஒழிய வேண்டும். திருட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் பூட்டே இல்லாமல் விற்றுப் பிழைக்கவும் முடியும். போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. கடை 2008 முதல் அப்படித்தான் விற்கிறது. வாங்கியதை உங்கள் கணினியில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மூன்று கோரிக்கைகள்

முதலாவது, விற்கும்போதே சொல்லுங்கள். இணையம் கட்டாயமா, எத்தனை ஆண்டுக்குச் சேவை உறுதி என்பதை எல்லாரும் படிக்கும் எழுத்தில் பெட்டியிலும் கடைப் பக்கத்திலும் போடட்டும். வாடகை என்றால் வாடகை என்றே எழுதட்டும்.

இரண்டாவது, சர்வரை மூடும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். தனியாள் ஆட்டம் சர்வர் இல்லாமல் இயங்கும்படி கடைசியாக ஒரு திருத்த நிரலைத் தருவது, விற்றவரின் கடமையாக வேண்டும்.

மூன்றாவது, நம் சட்டத்தில் ஒரு விலக்கு வேண்டும். கைவிடப்பட்ட விளையாட்டைத் திறக்க, வாங்கியவருக்கும் தேசிய நூலகத்துக்கும் உரிமை வேண்டும். இந்நாட்டில் வெளியாகும் நூல்களையும் மற்றப் பதிவுகளையும் தேசிய நூலகத்தில் சேர்க்க 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தவர்கள் நாம். நாளை மலேசிய இளைஞர் உருவாக்கிய விளையாட்டு அங்கே போய்ச் சேர்ந்து, அதைத் திறக்கும் சர்வர் மட்டும் இல்லாமல் போனால், நூலகம் காப்பது எதை?

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை விளையாட்டுக் கேட்டால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். "இணையம் இல்லாமல் இது ஓடுமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பிள்ளைக்கே அப்போதுதான் தோன்றும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போட ஐந்து வெள்ளிதான் கட்டணம்; 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அந்தக் காலத்தில் ஐந்து வெள்ளி கொடுத்து நகல் வாங்கிய நாம், இனி அசலை வாங்குவோம். அசலுக்குரிய உரிமையையும் கேட்டு வாங்குவோம்.